முள் கேஜா, டிஜிட்டலா, போனில் வரும் புரோபா?

அக்கா மகன் போன மாதம் வேலையை விட்டுவிட்டான். ஆறு வருடம் ஒரு காண்ட்ராக்டரிடம் ஏர்கோன் மாட்டிக்கொண்டிருந்தவன், பழைய வேன் ஒன்றை வாங்கிக்கொண்டு சொந்தமாக இறங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை செந்தூலில் எங்கள் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டுக் கை கழுவியதும் போனை நீட்டினான். மூன்று படங்கள், ஏர்கோனுக்குள் ஓடும் குளிர்பதன கேஸின் அழுத்தத்தை அளக்கும் கேஜ்கள். ஒன்று டெஸ்டோ 550எஸ், இன்னொன்று ஃபீல்ட்பீஸ் எஸ்எம்480வி, மூன்றாவது நான் கேள்விப்படாத பெயருள்ள ஒரு டிஜிட்டல் கேஜ். அதன் விலை மற்ற இரண்டில் பாதிகூட வராது.

"மாமா, இதுல எதை எடுக்கலாம்?"

"நீ எந்த மெஷினைத் தொடப் போறே?"

"எல்லாம்தான் மாமா."

எல்லாம்தான் என்று சொல்லும் வயது அது. முதல் வருடம் அவனுக்கு வரப்போகும் வேலை எது என்று எனக்குத் தெரியும். காண்டோவிலும் அடுக்குமாடியிலும் சுவரில் தொங்கும் ஒன்று, ஒன்றரை குதிரைசக்தி ஏர்கோன்கள். பத்து வேலையில் எட்டு அதுதான். அந்த மெஷினின் அவுட்டோரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரண்டு வால்வு இருக்கும். மெல்லிய பைப்பின் வால்வில் ஹோஸ் மாட்ட வாய் கிடையாது. தடித்த பைப்பின் வால்வில் மட்டும் ஒரு சர்வீஸ் வாய். ஆக, கேஜ் மாட்ட ஒரே இடம்தான். நீலமும் சிவப்புமாக இரண்டு ஹோஸோடு, வால்வும் கேஜும் சேர்ந்து வரும் மேனிஃபோல்டில் சிவப்பு ஹோஸ் நாள் முழுக்க கொக்கியில் சும்மா தொங்கும்.

டிஜிட்டல் கேஜ் விற்பவர்கள் முதலில் சொல்வது சூப்பர்ஹீட் (ஆவியான கேஸ் கொதிநிலையைவிட எத்தனை டிகிரி கூட இருக்கிறது), சப்கூலிங் (திரவமான கேஸ் கொதிநிலையைவிட எத்தனை டிகிரி குறைய இருக்கிறது) இரண்டையும் அதுவே கணக்குப் போட்டுக் காட்டும் என்பதுதான். உண்மைதான், காட்டும். ஆனால் சுவர் ஏர்கோனில் அழுத்தத்தைக் குறைக்கும் கேபிலரியோ எக்ஸ்பான்ஷன் வால்வோ பெரும்பாலும் அவுட்டோருக்குள்ளேயே இருக்கிறது. அழுத்தம் அங்கேயே குறைந்துவிடுவதால் உள்ளே போகும் மெல்லிய பைப்பும் சில்லென்றுதான் இருக்கும். வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சரை விட்டு வரும் சூடான திரவத்தைத் தொட்டு அளக்க வெளியே இடமே இல்லை. சப்கூலிங் எண் திரைக்கு வரும், ஆனால் அதற்கு ஒரு பொருளும் இருக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த எண்ணை நம்பி கேஸ் ஏற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நானே அந்த வரிசையில் நின்றிருக்கிறேன்.

கதையையும் சொல்லிவிடுகிறேன். செத்தாப்பாக்கில் ஒரு காண்டோ, ஆர்32 கேஸில் ஓடும் இன்வெர்ட்டர் மெஷின், குளிர் பத்தவில்லை என்று அழைப்பு. அப்போது முள் கேஜ்தான் வைத்திருந்தேன். பழைய ஆர்22 கேஸ் காலத்துப் பழக்கம், அழுத்தம் காட்டும் முள் 70 பிஎஸ்ஐயை ஒட்டி நின்றால் சரி. ஆர்410ஏ வந்தபோது அதை 120, 130 என்று மனதில் மாற்றிக்கொண்டேன், ஆர்32க்கும் அதே பக்கம்தான். முள் 110இல் நின்றது. கேஸ் கொடுத்தேன், 130க்கு வந்தது, கூலி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு நாளில் மறுபடி போன். கேஸைத் திரும்ப இழுத்து எடை போட்டால், பெயர்ப்பலகையில் இருந்ததைவிட நூறு கிராமுக்கு மேல் அதிகம். அரை கிலோ சொச்சம் மட்டுமே இருக்க வேண்டிய மெஷினில் அது சின்ன அளவு இல்லை. இன்வெர்ட்டர் கம்ப்ரெசர் வேகமாக ஓடும்போது அழுத்தம் இறங்கும், அறை குளிர்ந்து மெதுவாக ஓடும்போது ஏறும். நான் பார்த்த 110, கம்ப்ரெசர் முழு வேகத்தில் இருந்த நேரத்து எண். முதலில் இருந்த கோளாறு இண்டோரின் அழுக்கேறிய குளிர்சுருளில். கேஸில் ஒரு குறையும் இல்லை.

அந்த இடத்தில் என் கையில் மிக உயர்ந்த டிஜிட்டல் கேஜ் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 110.4 என்று புள்ளியோடு காட்டியிருக்கும், அவ்வளவுதான். வீட்டு இன்வெர்ட்டர் மெஷினுக்குச் சரியான வழி தராசு. கேஸை முழுக்க வெளியே இழுத்து, லீக்கைப் பார்த்து, வாக்கம் போட்டு (பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), பெயர்ப்பலகையில் எழுதிய எடையை நிறுத்துப் போடுவது. பைப் நீளம் கூடினால் மீட்டருக்கு எத்தனை கிராம் சேர்க்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். அதனால்தான் அவனிடம் சொன்னேன், கேஜைப் பிறகு பேசலாம், முதலில் நல்ல தராசு ஒன்று எடு.

இரண்டாவதாக நான் சொன்னது அவனுக்குப் பிடிக்கவில்லை. வாக்கம் கேஜ். கைக்குள் அடங்கும், பெரிய திரை கிடையாது, வாடிக்கையாளர் பார்த்து மயங்க மாட்டார். "அதுதான் கேஜ்லயே மைனஸ் 30 வரைக்கும் இருக்கே மாமா" என்றான்.

இருக்கிறது. ஆனால் அந்த மைனஸ் 30 அங்குல பாதரசம் என்ன சொல்கிறது? வாக்கத்தை அளக்கும் அலகு மைக்ரான், சாதாரணக் காற்றழுத்தம் 7,60,000 மைக்ரான். நல்ல வாக்கம் என்றால் 500 மைக்ரான் அல்லது அதற்குக் கீழ். பைப்பில் 5,000 மைக்ரான் இருந்தாலும் 500 இருந்தாலும் முள் கேஜில் வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் நடுவே உள்ள அழுத்தம் 0.09 பிஎஸ்ஐதான், முள்ளின் தடிமனுக்குள் மறைந்துவிடும். நம் ஊரில் இது விளையாட்டு இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மழை கொட்டும், பைப்பை வாய் திறந்து போட்டுவிட்டு மாமாக் கடையில் ஒதுங்கி நிற்போம். உள்ளே ஈரம் போய்விடும். 30 டிகிரி வெயிலில் தண்ணீர் கொதித்து ஆவியாக அழுத்தம் சுமார் 32,000 மைக்ரானுக்குக் கீழே போக வேண்டும். அதைத் தாண்டி இறங்கியும் கொஞ்ச நேரம் பம்ப் ஓடினால்தான் ஈரம் வெளியேறும். ஆர்22 மெஷினில் மினரல் எண்ணெய், கொஞ்சம் பொறுத்துக்கொண்டது. ஆர்410ஏ, ஆர்32 மெஷின்களில் இருக்கும் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் வகை. பாலியோல் எஸ்டர் எண்ணெய் என்றால் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகவும் மாறும். கம்ப்ரெசர் உடனே சாகாது, இரண்டு வருடம் கழித்துச் சாகும். அப்போது யாரும் வாக்கத்தைக் குறை சொல்ல மாட்டார்கள், பிராண்டைத்தான் திட்டுவார்கள்.

வாக்கம் கேஜில் இன்னொரு லாபமும் உண்டு. 500க்கு இறக்கி பம்பை வால்வால் பிரித்துவிட்டு பத்து நிமிடம் பார்க்க வேண்டும். எண் ஏறி 1,500, 2,000 பக்கம் நின்றுவிட்டால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ பைப்பை இணைக்கும் ஃபிளேர் நட்டில் லீக். இதைச் சொல்லித்தர எந்த முள்ளாலும் முடியாது. ஆனால் அதைப் பம்ப் பக்கத்தில் மாட்டக் கூடாது. பம்ப் வாயில் 300 காட்டும்போது அவுட்டோர் முனையில் 1,500 இருக்கலாம். பம்பிலிருந்து எட்டத்தில், மெஷினின் பக்கம் மாட்ட வேண்டும். கேஸ் திறப்பதற்கு முன் கழற்றிவிடுங்கள், எண்ணெய் சென்சாரில் ஒட்டினால் எண் உளறும், ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டுக் கழுவ வேண்டியிருக்கும்.

சரி, இனி அந்த மூன்று படங்களுக்கு வருவோம்.

டெஸ்டோவும் ஃபீல்ட்பீஸும் தரத்தில் ஒன்றுக்கொன்று சளைத்தவை இல்லை. ஒன்று ஜெர்மனிக்காரன், ஒன்று அமெரிக்காக்காரன். வித்தியாசம் வாக்கம் பார்க்கும் விதத்தில் இருக்கிறது. ஃபீல்ட்பீஸ் எஸ்எம்480வியில் மைக்ரான் சென்சார் உள்ளேயே வருகிறது. டெஸ்டோ 550எஸ்ஸில் வாக்கம் சென்சார் தனியாக 552ஐ என்று ஒரு குட்டி. அது கம்பியில்லாமல் பேசும். அதை அவுட்டோரின் வாயிலேயே மாட்டிவிட்டு மேனிஃபோல்டில் எண்ணைப் பார்க்கலாம். உள்ளேயே இருப்பது வசதி, தனியாக வாங்க வேண்டாம். ஆனால் மேனிஃபோல்டில் இருக்கும் சென்சார் மேனிஃபோல்டின் அழுத்தத்தைத்தான் காட்டும். ஹோஸ், ஹோஸின் ரப்பர் வளையம், வால்வு எல்லாவற்றின் சின்னச் சின்ன லீக்கும் அந்த எண்ணில் கலந்திருக்கும். அதனால் என் ஓட்டு தனியாக மாட்டும் வகைக்கு. அதே 552ஐயும் நான்கு வழி வால்வும் சேர்ந்து வேண்டுமென்றால் 557எஸ். இரண்டு வழிக்கும் நான்கு வழிக்கும் வித்தியாசம், பம்பையும் கேஸ் தோங்கையும் (சிலிண்டர்) ஒரே நேரத்தில் மாட்டி வைத்துக்கொள்ளலாம், ஹோஸைக் கழற்றி மாற்றும்போது காற்று புகாது. சுவர் ஏர்கோனுக்கு அது தேவையில்லாத கனம். ஏணியில் ஏறி, கிரில்லுக்கு வெளியே குனிந்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு வேலை செய்பவனுக்குக் கனம் சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது படத்தில் இருந்த விலை குறைந்த கேஜைப் பற்றி நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. எலிடெக், வேல்யூ போன்ற சீனப் பெயர்கள் கடைகளில் கிடைக்கின்றன, அவற்றை வைத்து ஒழுங்காக வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். பெயரே இல்லாததுதான் பிரச்சினை. சில வருடங்களுக்கு முன் அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தேன். முதல் மூன்று மாதம் தங்கம். பிறகு ஒரு நாள் மழையில் நனைந்தது, திரையின் கண்ணாடிக்குள் பனி. காய வைத்து ஓட்டினால் ஹோஸைக் கழற்றிய பிறகும் 6 பிஎஸ்ஐ காட்டியது. பழுது பார்க்க ஆளில்லை, சென்சார் கிடைக்கவில்லை. விற்ற இடத்தில் கேட்டதற்கு "புதுசு எடுத்துக்குங்க அண்ணே" என்ற பதில்தான். டிஜிட்டல் கேஜ் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி துல்லியம் எவ்வளவு என்பதில்லை. சென்சார் போனால் இந்த ஊரில் யார் மாற்றுவார், எத்தனை நாள் ஆகும்? அதற்குக் கடைக்காரர் பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.

துல்லியம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், பலர் தவறாகப் படிக்கும் இடம் இது. பெட்டியில் 0.5 சதவீதம் என்று போட்டிருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. அது திரையில் தெரியும் எண்ணில் 0.5 சதவீதம் இல்லை, முழு அளவில் 0.5 சதவீதம். கேஜ் 60 பார் அழுத்தம் வரை அளக்கும் என்றால் 0.3 பார் வரை தவறலாம். ஆர்32 மெஷினில் 5 டிகிரியில் ஆவியாகும்போது அந்த 0.3 பார் என்பது சுமார் ஒரு டிகிரி. பரவாயில்லை. அதே 0.3 பார், மைனஸ் 25இல் ஓடும் ஆர்404ஏ ஃப்ரீசரில் கிட்டத்தட்ட இரண்டரை, மூன்று டிகிரி. ஆர்134ஏவில் அதே குளிரில் ஐந்து டிகிரிக்கும் மேல். வீட்டு ஃபிரிட்ஜில் வரும் ஆர்600ஏ மைனஸ் 25இல் காற்றழுத்தத்துக்கும் கீழேதான் ஓடுகிறது, அங்கே 0.3 பார் என்றால் பத்து டிகிரியைத் தாண்டிவிடும். இது மோசமான பக்கத்துக் கணக்கு. ஒவ்வொரு முறையும் ஹோஸைக் கழற்றி சீரோ போட்டால் நடைமுறையில் இவ்வளவு போகாது. இருந்தாலும், சூப்பர்ஹீட் 4.7 என்று திரை காட்டுகிறதே என்று அந்தப் புள்ளி ஏழுக்குச் சண்டை போடக் கூடாது. ஃபிரிட்ஜ் வேலை அதிகம் பார்ப்பவர்களுக்கு இந்த விலையுயர்ந்த கேஜ்களால் பெரிய லாபமில்லை. நுட்பமாக நிறுக்கும் தராசுதான் அவர்களுக்குச் சோறு போடும்.

முள் கேஜ் மட்டும் இதைவிட மேலா என்றால், இல்லை. 500 பிஎஸ்ஐ வரை போகும் முகப்பில் ஒரு சதவீதம் என்றாலே 5 பிஎஸ்ஐ. அதோடு நாம் எந்தப் பக்கம் சாய்ந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு கோடு கூடும் குறையும். ஆனாலும் நான் இன்னும் வேனில் ஒன்று வைத்திருக்கிறேன். பேட்டரி கிடையாது, மழையில் பயமில்லை, கீழே விழுந்தால் மனசு வலிக்காது. கம்ப்ரெசர் பம்ப் செய்கிறதா இல்லையா, நைட்ரஜன் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க அது போதும். நைட்ரஜன் சோதனைக்கு டிஜிட்டலையே மாட்டலாம், மாட்டி வைத்துவிட்டு சிமென்ட் தூசியில் இரவு முழுக்க விட்டு வர எனக்கு மனம் வராது. ஒன்று மட்டும், ஆர்22க்கு வைத்திருந்த பழைய முள் செட்டை ஆர்32க்கு மாட்டாதீர்கள். 50 டிகிரியில் ஆர்22இன் அழுத்தம் சுமார் 267 பிஎஸ்ஐ, ஆர்32இல் அது 440ஐத் தொடும். ஹோஸும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும், பழைய ஹோஸில் ஊறிய மினரல் எண்ணெய் புது மெஷினுக்குள் போகவும் கூடாது. வாயின் அளவே வேறு. ஆர்22க்குக் கால் அங்குலம், ஆர்410ஏ, ஆர்32 சுவர் மெஷின்களில் பதினாறில் ஐந்து அங்குல ஃபிளேர். அதற்கு அடாப்டர் வாங்கி மாட்டிக்கொள்கிறோம். அந்தக் குட்டிப் பித்தளைத் துண்டு தொலைந்தால் எந்த கேஜும் உதவாது. நான் மூன்று வைத்திருக்கிறேன், எப்போதும் ஒன்றுதான் கையில் அகப்படும்.

ஆர்22 வேலையே இனி எவ்வளவு காலம் என்பதும் யோசிக்க வேண்டியது. மாண்ட்ரியல் உடன்படிக்கையில் வளரும் நாடுகளுக்கு வகுத்த கால அட்டவணைப்படி, இந்த வகை கேஸின் அளவு 2025இல் 67.5 சதவீதம் குறைந்திருக்க வேண்டும், 2030இல் சர்வீஸுக்கென்று ஒரு துளி தவிர முடிந்துவிடும். இன்று புதுசாக கேஜ் வாங்குபவன் ஆர்22 கோட்டைப் பார்த்து வாங்கத் தேவையில்லை. டிஜிட்டலுக்கு இது ஒரு நல்ல வாதம். புது கேஸ் வந்தால் செயலி வழியாகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம், முள் கேஜில் முகப்பையே மாற்ற வேண்டும். ஆனால் பட்டியலில் தவறான பெயரைத் தொட்டுவிட்டால்? ஆர்410ஏவுக்குப் பதில் ஆர்32 இருந்தால் ஒரு டிகிரிக்குள் தப்பிக்கலாம், இரண்டும் அழுத்தத்தில் அக்கா தங்கை மாதிரி. ஆர்22இலேயே விட்டுவிட்டு ஆர்410ஏ மெஷினில் மாட்டினால், 120 பிஎஸ்ஐக்கு 21 டிகிரியில் ஆவியாகிறது என்று சொல்லும். முள் கேஜில் இந்தத் தவறு நடக்காது என்றில்லை, நடந்தால் கண்ணில் படும். டிஜிட்டலில் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும்.

அடுத்தது, ஹோஸே இல்லாத புரோப். சின்ன அழுத்த சென்சார், அதை நேராக வாயில் மாட்டிவிட்டு, பைப்பில் வெப்பம் அளக்கும் க்ளாம்ப் ஒன்றைக் கவ்வ விட்டால் போனில் எல்லாம் வரும். டெஸ்டோவில் 549ஐ, 115ஐ என்ற ஜோடி, ஃபீல்ட்பீஸில் ஜாப் லிங்க். சுவர் ஏர்கோனுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பேன். காரணம் அந்த ஒரே வாய்தான். ஒரு வாய்க்கு ஒரு புரோப். அவுட்டோர் பத்தாவது மாடியில் கிரில்லுக்கு வெளியே இருந்தாலும் நான் உள்ளே, ஜன்னலைச் சாத்தி, இண்டோரின் காற்று வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். வெளியே நின்று எட்டிப் பார்க்கும் வேலை மிச்சம். ஹோஸில் கேஸ் வீணாவதும் இல்லை. ஆவி நிறைந்த ஹோஸில் போவது ஒரு கிராம், இரண்டு கிராம்தான். திரவ லைனில் மாட்டிய ஒன்றரை மீட்டர் ஹோஸில் கிட்டத்தட்ட முப்பது கிராம் நிற்கும்.

குறை? புரோபில் வால்வு இல்லை. கேஸ் ஏற்ற, வாக்கம் போட எப்படியும் ஹோஸ் வேண்டும். போன் பேட்டரி மாலை ஐந்துக்கு அழும். வியர்த்த விரலுக்குத் தொடுதிரை மசியாது. அப்புறம், சின்னது என்பதால் மறந்துவிட்டு வந்துவிடுவோம். ஒரு முறை என் புரோப் யாரோ ஒரு ஆன்ட்டி வீட்டு அவுட்டோரில் இரண்டு வாரம் குடியிருந்தது. நல்லவேளை, அடுத்த அழைப்பும் அதே வீட்டிலிருந்து வந்தது.

இதுவரை சொன்னதை வைத்து, டிஜிட்டல் மேனிஃபோல்ட் வெட்டிச் செலவு என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். கோல்ட் ரூம் பக்கம் வந்தால் கதையே வேறு. செலாயாங் மொத்தச் சந்தைப் பக்கம் போனால் மீனும் காய்கறியும் வைக்கும் குளிர் அறைகள் வரிசையாக இருக்கும். அங்கே இரண்டு பக்கமும் வாய் உண்டு. கண்டென்சரிலிருந்து வரும் திரவ லைனைத் தொட்டு அளக்க முடியும், எக்ஸ்பான்ஷன் வால்வு உள்ளே, அறையைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரில் இருக்கும். சூப்பர்ஹீட்டைப் பார்த்து அந்த வால்வைத் திருப்ப வேண்டும், சப்கூலிங்கைப் பார்த்து கேஸ் போதுமா என்று முடிவு செய்ய வேண்டும். இங்கே அந்த இரண்டு எண்ணும் தூங்க விடாத தவுக்கேயிடமிருந்து (முதலாளி) காப்பாற்றும் எண்கள்.

ஆர்404ஏவை விட்டு ஆர்448ஏ போன்ற கலவை கேஸுக்கு மாறிய அறைகளில் டிஜிட்டல் இல்லாமல் எனக்கு ஓடாது. கலவை கேஸ் ஒரே டிகிரியில் கொதிப்பதில்லை. கொதிக்கத் தொடங்கும் வெப்பத்துக்கும் கொதித்து முடியும் வெப்பத்துக்கும் நடுவே ஆறு டிகிரி போல இடைவெளி. ஆர்32 தனிக் கேஸ், அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஆர்410ஏவிலும் இல்லாததுபோல்தான். கலவையில் சூப்பர்ஹீட்டுக்கு ஒரு எண்ணிலிருந்தும், சப்கூலிங்குக்கு இன்னொரு எண்ணிலிருந்தும் கணக்கு. தவறான எண்ணிலிருந்து கழித்தால் சூப்பர்ஹீட் 6 இருக்கும்போது 12 என்று தோன்றும். வால்வைத் திறப்போம், திரவம் கம்ப்ரெசருக்குத் திரும்பும், கம்ப்ரெசர் முடிந்தது. டிஜிட்டல் கேஜ் இதைத் தானே பிரித்துப் பார்க்கும். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கைவிரல் உறைந்துபோய், கழித்தல் கணக்குப் போட்ட காலத்தை நான் மறக்கவில்லை. இரவு முழுக்க அழுத்தத்தைப் பதிவு செய்ய விட்டு வந்து, டிஃப்ராஸ்ட் எத்தனை மணிக்கு ஓடியது, அதன்பின் அழுத்தம் எப்படித் திரும்பியது என்று காலையில் பார்ப்பது இன்னொரு சுகம்.

எதை வாங்கினாலும் சோதித்துப் பார்க்க ஒரு செலவில்லாத வழி இருக்கிறது. கேஸ் தோங்கை இரவு நிழலில் வைத்துவிடுங்கள். காலையில் அதன் உடம்பு வெப்பத்தை அளந்து, கேஜை மாட்டுங்கள். உள்ளே திரவம் கொஞ்சமாவது இருக்கும்வரை அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்ததே, தோங் பாதியா முழுசா என்பது கணக்கில்லை. 28 டிகிரியில் ஆர்32 சுமார் 251 பிஎஸ்ஐ, ஆர்410ஏ சுமார் 245, ஆர்134ஏ சுமார் 91. நான்கைந்து பிஎஸ்ஐ தள்ளி நின்றால் சரி, பதினைந்து தள்ளி நின்றால் கேஜோ கேஸோ இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. க்ளாம்புக்கு ஐஸ் தண்ணீர். நன்றாக உடைத்த ஐஸும் தண்ணீரும் கலந்து ஆற விட்டால் 0 டிகிரி. தொழிற்சாலை, மருத்துவமனை வேலை எடுப்பவர்களுக்கு இது போதாது, அவர்கள் சாம் (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழ் கேட்பார்கள். அந்த வேலைக்குப் போகும் எண்ணமிருந்தால் சான்றிதழ் எடுக்கத் தோதான கேஜாகப் பார்த்து வாங்க வேண்டும், பெயரில்லாததை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை.

பெட்டியில் வாங்கும்போது நான் பார்க்கும் மற்ற சில சில்லறை விஷயங்கள்: வெளியே வெயிலில் திரை தெரிகிறதா, பேட்டரி கடையில் கிடைக்கும் சாதாரண வகையா, கையேட்டில் ஆர்32 எழுதியிருக்கிறதா. ஆர்32 மெதுவாகத் தீப்பிடிக்கும் வகை, ஆர்290 சட்டென்று பிடிக்கும் வகை. உங்கள் கேஜ் எதற்கு ஏற்றது என்று கையேடே சொல்லும், கடைக்காரரின் வாயை நம்ப வேண்டாம்.

அவன் கடைசியில் என்ன எடுத்தான் என்றால், தராசு ஒன்று, தனி வாக்கம் கேஜ் ஒன்று, ஒரு அழுத்த புரோப், இரண்டு க்ளாம்ப். முள் கேஜ் என்னுடையது ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், கேட்கவும் இல்லை. வாங்கியதையெல்லாம் சேர்த்தும் அந்த நான்கு வழி டிஜிட்டல் மேனிஃபோல்டின் விலைக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. கோல்ட் ரூம் வேலை ஒன்று நிலையாகக் கிடைத்தால் அப்போது 557எஸ் எடுக்கலாம், வாக்கம் குட்டி ஏற்கெனவே இருப்பதால் 550எஸ் கூடப் போதும் என்று பேசி வைத்திருக்கிறோம். ஃபீல்ட்பீஸ் வேண்டாமா என்று இன்னொரு முறை கேட்டான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உண்மையான காரணம் ஒன்றும் இல்லை. அவனிடம் இருக்கும் புரோப் டெஸ்டோ, இரண்டு செயலியைத் திறந்து மூடிக்கொண்டு இருக்க வேண்டாமே என்பதுதான்.

நேற்று இரவு எட்டரைக்குப் போன் வந்தது. செலாயாங்கில் நண்பன் ஒருவனுக்கு உதவப் போயிருக்கிறான்.

"மாமா, சூப்பர்ஹீட் 31 காட்டுது. கேஸ் கம்மியா இருக்கும், போடட்டுமா?"

"க்ளாம்ப் எங்கடா மாட்டியிருக்கே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பைப் உறையைக் கத்தி கிழிக்கும் சத்தம் கேட்டது.

"ஸ்பாஞ்ச் மேல மாட்டிட்டேன் மாமா."

"செம்பைத் துடைச்சிட்டு மாட்டு. மேல சுத்தி மூடு. அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சொல்லு."

ஐந்து நிமிடம் கழித்து வந்த எண் 7.